என் பெயரில் போகிற உறுதி

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட வீடியோ வராது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம். "ஒரு நிமிஷம் பேசி அனுப்பும்மா, வயல்ல நின்னு எடுத்தா நல்லா இருக்கும், நம்ம பதிவு ஃபார்ம் விவசாயிங்களுக்கு எப்படி உதவுதுன்னு நீ சொன்னா போதும், நீ சொன்னா ஜனங்க நம்புவாங்க" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு குஷி. உன்னோடு கூட்டுச் சேர்ந்த வண்டி ஏஜெண்டு கம்பெனி அதைச் சீர்காழி வரைக்கும் கொண்டுபோகப் போகிறது என்றாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் "பார்க்கலாம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சைக்கிள் கேட்டு அழுத காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. நம் அறுவடை வண்டிக் குழுவின் வாட்ஸாப்பில் இதை முழுசாகப் போடுகிறேன். மாசி மாதக் கூட்டத்தில் நீ ஸ்பீக்கரில் பேசியதை அத்தனை பேரும் கேட்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார்கள். அதனால் பதிலையும் அவர்கள் நடுவில்தான் சொல்ல வேண்டும். குறுவை பழுத்துக்கொண்டிருக்கிறது. வண்டிகள் ஊருக்குள் இறங்குவதற்குள், 'வண்டி உறுதி' என்று போகிற குறுஞ்செய்தியிலிருந்து என் பெயர் போக வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டுவிட்டேன். "அடுத்த அப்டேட்ல எடுத்துடறேம்மா" என்கிறாய். அந்த அப்டேட் இன்னும் வந்தபாடில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற மெயிலை எல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாய் அல்லவா?

நெல் அறுக்கிற வண்டிக்கு நம் ஊரில் தனிப் பாதை கிடையாது. ரோட்டிலிருந்து முதல் வயலில் இறங்கி, அதை அறுத்து, அந்தத் தாள் மேலேயே ஓடித்தான் அடுத்த வயலுக்குப் போக முடியும். அதை அறுத்தால்தான் அதற்கும் உள்ளே போகலாம். ஆகையால் பணம் இருக்கிறவர், பெரிய நிலக்காரர், முதலில் போன் செய்தவர் என்கிற கணக்கெல்லாம் அறுப்பில் செல்லாது. முன் வயல் அறுபட்டால்தான் உள் வயலுக்கு வழி. நாற்று விடும்போதே முன் வயல்காரரும் உள் வயல்காரரும் பேசி ஒரே வயது ரகமாகப் பார்த்து விடுவார்கள். இந்த வயல் எந்த வயலுக்கு வழி விட வேண்டும் என்பது சிட்டாவிலும் இருக்காது, அடங்கலிலும் இருக்காது. ஒவ்வொரு வரப்பாக நடந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் நான் அதைத் திரட்டினேன். சில வீடுகளில் அண்ணன் தம்பிக்குள்ளேயே அதில் சண்டை. அதையும் உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் பிறந்து, தபாலில் பட்டம் படித்து, திருவையாற்றில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். அதனால்தான் ஊரில் எல்லாருக்கும் டீச்சர். குழுவுக்கு வண்டிப் பதிவு பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தபோது உலையில் அரிசி போட்டால் போன், இறக்கி வைத்தால் போன். அலுத்துப்போய்த்தான் அந்தப் பதிவுப் பக்கத்தை எழுதினேன். எல்லாம் ஒரே கோப்பு. பெயர் கேட்கிற கட்டமும் அங்கேதான், முன் வயலைச் சரிபார்க்கிற வரிகளும் அங்கேதான், சேமிக்கிறதும் அங்கேதான். நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெயர் என்கிற இடத்தில் 'பூதம்' என்று அடித்தாய். 'பூதம் அவர்களுக்கு நாளைக் காலை வண்டி உறுதி' என்று வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாய். "பூதத்துக்கு அறுக்க வயல் எங்கேம்மா இருக்கு? யாருன்னே கேக்காம உறுதி சொல்லுது பாரு!" நானும் சிரித்தேன். அன்றைக்கு உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன், எவன் என்ன அடித்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்று. பையன் தேறிவிடுவான் என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையில் பாதியை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உறுதியானதும் போகிற குறுஞ்செய்தியின் வாசகத்தை நான்தான் எழுதினேன். 'வண்டி உறுதி. முன் வயல்காரரிடம் பேசியாயிற்று. – டீச்சர்.' அவ்வளவுதான். அந்த நடு வரியைப் போட ரொம்ப யோசித்தேன். முன் வயல்காரர் தன் அறுப்புத் தேதியைப் பதிந்தால்தான் உள் வயலுக்கு உறுதி போகும் என்று விதி இருந்ததால் அந்த வரி எப்போதும் உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டேன். வெளியூர் டிரைவர்கள் அந்தச் செய்தியைக் காட்டினால் எங்கள் பக்கத்து ஜனங்கள் வரப்பை வெட்டி வண்டியை இறக்கிவிடுவார்கள். யாரும் எனக்குப் போன் செய்து கேட்டதில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டார்கள். அது லேசில் வந்த பெயர் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரை லீவில் வந்தபோது நீதான் ஆரம்பித்தாய். "இப்படி எல்லாத்தையும் ஒண்ணா கட்டி வச்சிருக்கியேம்மா, ஒரு பட்டன் மாத்தணும்னாலும் முழுசையும் தொட வேண்டியிருக்கு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிச்சிடலாம். ஜனங்க பாக்கிற பக்கம் உங்கிட்ட இருக்கட்டும். பதிவை வாங்கறது, சேமிக்கிறது, மெசேஜ் அனுப்பறது எல்லாம் பின்னாடி என் சர்வர்ல. நடுவுல ஒரு ஏபிஐ. உன் பக்கம் அதுகிட்ட கேக்கும், அது பதில் சொல்லும்." சாப்பாட்டு மேஜையில் சாம்பார்க் கரண்டியை வைத்து நீ அதை விளக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சமையல்கட்டு ஒரு இடம், பந்தி ஒரு இடம், நடுவில் பரிமாறுகிறவர் என்றாய். எனக்குப் பிடித்திருந்தது. பிரிப்பது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேலையில் உன்னைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "முன் வயல் விதி எங்கேடா இருக்கும்?" நீ சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு பக்கமும் இருக்கும்மா. உன் பக்கத்துல இருக்கிறது மரியாதைக்கு, ஆளுங்க தப்பா போட்டா உடனே சொல்றதுக்கு. பின்பக்கத்துல இருக்கிறதுதான் சட்டம். முன்பக்கத்தை மட்டும் நம்பவே கூடாது, அதைத் தாண்டி யாரு வேணும்னாலும் நேரா பின்பக்கம் வந்து நிக்கலாம்." அப்புறம் நீயே, "நம்பலைன்னா போட்டுப் பாரு" என்றாய். போட்டுப் பார்த்தேன். என் பக்கத்தைத் தாண்டி நேராக உன் சர்வருக்கு ஒரு உள் வயல் பதிவை அனுப்பினேன். 'முன் வயலுக்கு அறுப்புத் தேதி பதியவில்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பியது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. அன்றைக்கு உனக்குப் பாயசம் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

இனி தை மாதத்துக்கு வருகிறேன். சரோஜா அக்காவை எல்லாருக்கும் தெரியும். ரோட்டோரத்துக் குத்தகை வயல் அவளுடையது. நடவில் பிந்திப்போனதால் அவள் சம்பா அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அவளுக்கு உள்ளே இருக்கிற வயலை வாங்கிப் போட்டிருக்கிற வெளியூர்க்காரர் வண்டிக்குப் பதிந்திருக்கிறார், நம் பக்கத்தில் இல்லை, வண்டி ஏஜெண்டு கம்பெனியின் ஆப்பில். காலையில் செயின் சக்கர அறுப்பு வண்டி ரோட்டில் வந்து நின்றது. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், மணிக்கணக்குக்கு ஓட்டுகிறவன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரோஜா அக்கா குறுக்கே போய் நின்று, "ஏம்ப்பா, இது இன்னும் பழுக்கலையே, இதுல எப்படி எறங்குவ?" என்று கேட்டிருக்கிறாள். அவன் போனை நீட்டியிருக்கிறான். அதில் என் வரி. முன் வயல்காரரிடம் பேசியாயிற்று, டீச்சர்.

அவள் வீட்டுக்காரர் அன்றைக்குத் திருப்பூரில் மகள் வீட்டில். போன் போட்டாள், எடுக்கவில்லை. டீச்சர் அவரிடம் பேசி ஏதோ முடிவு பண்ணியிருப்பாள், அவர் நமக்குச் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டாள். வண்டி இறங்கியது. போகும்போது ஒரு தடம், வரும்போது வேறு தடம், நெல் ஏற்ற வந்த டிராக்டருக்கு ஒரு தடம். பால் கட்டிக் கெட்டியாகிக்கொண்டிருந்த கதிரெல்லாம் சேற்றோடு சேறாகப் போனது. வரப்பை உடைத்ததில் வாய்க்கால் தண்ணீர் உள்ளே புகுந்து மிச்சமும் சாய்ந்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக அவளிடம் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை. மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. "நீ சொன்னதா வந்துச்சு, அதான் விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என்ன சொன்னதாக வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். நான் மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பாள். திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க என் பக்கத்தைத் தோண்டித் துருவினேன். அந்த உள் வயலின் எண்ணைப் போட்டேன், பதிவை ஏற்க மறுத்தது. வேறு ஒன்றைப் போட்டேன், அதற்கும் அப்படியே. என் பக்கம் எப்போதும்போல ஒழுங்காகத்தான் இருந்தது. கூட்டத்தில் உன்னை ஸ்பீக்கரில் போட்டார்கள். இது எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நீ எவ்வளவு நிதானமாகப் பேசினாய்! "அந்த ஃபார்ம் அம்மா எழுதினதுங்க. முன் வயல் விதி எல்லாம் அம்மா பக்கத்துலதான் இருக்கு. நான் பின்னாடி சர்வர் மட்டும்தான் பாத்துக்கிறேன். அம்மாகிட்ட கேட்டு என்னன்னு பாக்கச் சொல்றேன்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இருக்கும் என்றாயே என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிள்ளை ஏதோ பதற்றத்தில் உளறுகிறான், வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்குச் செய்த அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். என் பக்கத்தைத் தொடாமல் நேராக உன் சர்வருக்கு ஒரு பதிவு, நம் சொந்த வயலுக்கு. நமக்கு முன்னால் இருக்கிற வயலுக்கு அறுப்புத் தேதி பதியவில்லை, அதில் அப்போது நெல் நின்றுகொண்டிருந்தது, ஜன்னல் வழியாகவே தெரிந்தது. 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. அடுத்த நிமிஷம் என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். முன் வயல்காரரிடம் பேசியாயிற்று என்று டீச்சர் எனக்கே உறுதி சொல்லியிருந்தாள். என் வார்த்தை, என் பெயர், முழுப் பொய். சரோஜா அக்கா எதைப் பார்த்து ஒதுங்கி நின்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உடனே உனக்குப் போன் செய்தேன். முதலில் சுற்றி வளைத்தாய். அப்புறம் ஒத்துக்கொண்டாய். "அந்த ஏஜெண்டு கம்பெனி ஆப்பையும் என் சர்வரோட சேர்த்துட்டேன்மா. அதுல வர்றவங்க எல்லாம் வெளியூர்ல இருக்கிற நிலக்காரங்க. முன் வயல் யாருதுன்னே அவங்களுக்குத் தெரியாது. விதி இருந்தா பாதிப் பதிவு தள்ளுபடியாயிடும்னு கம்பெனியில சொன்னாங்க. அதான் பின்பக்கத்துல எடுத்துட்டேன். உன் பக்கத்துல அப்படியேதானே இருக்கு, நம்ம ஊருக்காரங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே." அதைத்தான் நான் இன்னும் விழுங்க முடியாமல் இருக்கிறேன். என் பக்கத்தில் விதியை அப்படியே விட்டுவைத்தாயே, அது நம் ஊர்க்காரர்களுக்காக இல்லை. நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நான் எப்போது போட்டுப் பார்த்தாலும் என் பக்கம் ஒழுங்காக மறுக்கும், அம்மா நிம்மதியாக இருப்பாள், பின்னால் வேறு வாசல் வழியாக வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். தெரியாமல் செய்த தப்பு என்றால் நூறு தரம் மன்னிப்பேன். முன்பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். தெரிந்துதான் செய்தாய்.

சரி, அவர்கள் ஆப்பில் வருகிற பதிவுக்கு அவர்கள் பெயரிலேயே செய்தி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "அவங்க பேர்ல போனா யாரும் வயல்ல வண்டியை விட மாட்டாங்கம்மா" என்றாய். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அவர்களுக்கு வேண்டியது உன் புரோகிராம் இல்லை. அந்த மாதிரி எழுத அவர்களிடமே ஆள் இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வரப்பை வெட்டி வழி விட வைக்கிற அந்த ஒரு வரி. அதை நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். என் நகையை எடுத்து அடகு வைத்திருந்தால்கூட, கஷ்டம் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பெற்ற பிள்ளையிடம் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஏமாந்துதான் போனேன்.

கூட்டத்தில் நீ பேசியதை நான் எத்தனையோ தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஃபார்ம் நான் எழுதியதுதான். விதி என் பக்கத்தில்தான் இருந்தது. நீ சர்வர்தான் பார்க்கிறாய். இவ்வளவு கவனமாக, ஒரு பொய்கூடச் சொல்லாமல், பழியை என் மடியில் வைத்துவிட்டுப் போக எங்கே கற்றுக்கொண்டாய்? திருமணமாகி நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். அதற்கு வேறு என்ன சொல்லிக்கொடுத்தாலும் இதை மட்டும் சொல்லிக்கொடுக்காதே. தப்புச் செய்தால் தப்பு என்று சொல்லப் பழக்கு. சொன்ன வார்த்தை உண்மையா என்று மட்டும் பார்க்காதே, கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டு போனார்கள் என்றும் பார். இனிமேல் இந்த அம்மா உனக்குச் சொல்ல ஏதாவது புத்திமதி இருக்கிறதென்றால் அது இதுதான்.

உன் அப்பா, "ஊர்ல சொல்லிட்டா அப்புறம் அள்ள முடியாது. சின்னப் பையன், வளர்ற நேரம். விடு" என்றார். அவருக்கு உன் மேல் பாசம் அதிகம், எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? அவர் பேச்சைக் கேட்டு மாசி, பங்குனி என்று ஆடி வரைக்கும் தள்ளிவிட்டேன். பெயரை எடுத்துவிடு என்று உன்னிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். நீ வீடியோ கேட்ட மறுநாள் காலை சரோஜா அக்காவைத் தேடிப் போனேன். வரப்பில் குந்திப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக என்னை "வாடி" என்று கூப்பிட்டவள், நிமிராமலே "வாங்க டீச்சர்" என்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு உங்க வயல்ல எறங்கின வண்டிக்கு நான் உறுதி சொல்லலக்கா. அந்த மெசேஜ் நான் அனுப்பினது இல்ல. பிரபுதான் பின்னாடி விதிய எடுத்துட்டான். எனக்கே தெரியாது."

அரிவாளைப் பக்கத்தில் வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உம்புள்ள பேசறப்ப எல்லாரும் போனப் பார்த்தாங்க. நான் உன் மூஞ்சியப் பார்த்தேன். நானும் ரெண்டு பெத்தவதான்."

"தெரிஞ்சுமா என்கிட்ட பேசாம இருந்தீங்க?"

"வயலு போனதுக்கா பேசாம இருந்தேன்னு நெனச்ச? அது போவுது, இதோ அடுத்த போகம் நிக்குது பாரு. நீ வாயத் தொறப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். தொறக்கல. மெசேஜப் பார்த்துட்டுப் பச்ச வயல்ல வண்டிய விட்ட பைத்தியக்காரின்னு ஊரே என்னைச் சொல்லுது. எம்மாமியா சொல்லுது, கட்டுனவன் சொல்றான். நீ ஒருத்தி நடந்ததச் சொல்லியிருந்தா அந்தப் பேரு எனக்கு வந்திருக்குமா? உம்புள்ள பேரு கெடக் கூடாதுன்னு எம்பேர வித்துட்ட."

புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை, முழங்காலில் வைத்து அவளே ஏற்றிக்கொண்டு போனாள். நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த வரப்பில் நின்றபோது தெரிந்தது. நீ செய்ததற்கு வருத்தப்பட்டேன், இதற்குக் கூசிப்போனேன். அதனால்தான் உன்னோடு மட்டும் பேசி முடிக்க வேண்டிய விஷயத்தைக் குழுவில் போடுகிறேன். சரோஜா அக்கா பைத்தியக்காரி இல்லை. என்னை நம்பியவள். அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பு நடத்தியது என் மகன். அதை மறைத்தது நான். எல்லாரும் படிக்கும்படி இதை எழுதிவிட்டேன்.

பதிவுப் பக்கத்தை உன் சர்வரிலிருந்து பிரித்துவிட்டேன். பின்பக்கத்தை நானே திரும்ப எழுதினேன். ஒரே கோப்பாகப் பழையபடி இல்லை, நீ கரண்டியை வைத்துக் காட்டிய மாதிரியே முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி, நடுவில் ஏபிஐ. முன் வயல் விதி பின்பக்கத்தில் இருக்கிறது. உன் கம்பெனியும் வரலாம், வேறு எந்தக் கம்பெனியும் வரலாம், யார் எந்த ஆப்பிலிருந்து வந்தாலும் முன் வயல்காரரைக் கேட்காமல் உறுதி கிடைக்காது. எழுதி முடிக்கச் சிரமப்பட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது பழக்கதோஷத்தில் உனக்குப் போன் செய்யக் கை போனது. செய்யவில்லை. தட்டுத் தடுமாறி நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆனால் உன் சர்வரிலிருந்து என் பெயரில் போகிற செய்தியை நிறுத்த என்னிடம் வழி இல்லை. அந்தச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. அதனால் என்னால் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். இன்று காலை முதல் நம் பதிவுப் பக்கத்தைத் திறந்தால் பெயர், வயல் எண் கேட்கிற கட்டங்களுக்கு மேலே பெரிய எழுத்தில் இது வரும். கொள்முதல் நிலையத்திலும் டீக்கடையிலும் அச்சடித்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

'வண்டி உறுதி, முன் வயல்காரரிடம் பேசியாயிற்று, டீச்சர் என்று வருகிற குறுஞ்செய்தியை நம்பி யாரும் வயலில் வண்டியை விட வேண்டாம். அதை நான் அனுப்பவில்லை. என் மகன் பிரபு அனுப்புகிறான்.'

இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று கேட்பாய். அந்த அறிவிப்பை எழுதிவிட்டு, பக்கத்தில் போடாமல் ஒரு பகல் முழுக்க வைத்திருந்தேன். உன் பெயரை எடுத்துவிட்டு 'வேறொருவர்' என்று மாற்றிப் பார்த்தேன். சரோஜா அக்காவின் முகம் ஞாபகம் வந்தது, திரும்பவும் உன் பெயரையே போட்டேன். செய்தியிலிருந்து என் பெயரை நீ எடுத்த அன்று அந்த அறிவிப்பை நான் எடுத்துவிடுகிறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் யார் வண்டியைத் தடுத்து நிறுத்தினாலும் உன் பெயரைச் சொல்லித்தான் நிறுத்துவார்கள். அந்தப் பெயரை உனக்கு ஆசை ஆசையாக வைத்தவள் நான்.

அம்மா